நகை வேறு, உவகை வேறு: ‘ரொமான்டிக் காமெடி’க்குத் தமிழ்

போன மாதம் ‘ரோமன் ஹாலிடே’ படத்தை மறுபடியும் பார்த்தேன். வில்லியம் வைலர் ரோம் நகரத்துக்கே போய் எடுத்து 1953இல் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். அரண்மனைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பி வந்த ஓர் இளவரசி (ஆட்ரி ஹெப்பர்ன்), ஒரு பத்திரிகைக்காரனோடு (கிரிகரி பெக்) ஒரு நாள் ரோமைச் சுற்றிவிட்டு, அவனைப் பிரிந்து கடமைக்குத் திரும்புகிற கதை. படத்தைப் பற்றிய தமிழ்க் குறிப்பில் ‘காதல் நகைச்சுவை’ என்று போட்டிருந்தது. கூட உட்கார்ந்து பார்த்த அக்கா மகள், படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுல காமெடி எங்க இருக்கு மாமா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. பாரிஸ், வெனிஸ், ரோம் என்று எந்த ஊரில் கதை நடந்தாலும் சரி, ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து ஊர் சுற்றினால் உடனே ‘காதல் நகைச்சுவை’ என்று எழுதிவிடுகிறார்கள். பத்து வருடமாக இதைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமெடி கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கோமோஸ்’ என்றால் ஆடிப்பாடிக்கொண்டு தெருவில் போகும் களியாட்டக் கூட்டம். அதோடு பாட்டைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. களியாட்டப் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ரொமான்ஸ் என்ற சொல்லின் வேரோ ரோம் நகரமேதான். கற்றவர்களின் லத்தீனை விட்டு, மக்கள் பேசிய மொழியில் எழுதிய கதைக்குப் பழைய பிரெஞ்சில் அப்படிப் பெயர். அந்தக் கதைகளில் வீரமும் காதலும் நிறைந்திருந்ததால், பின்னால் காதலுக்கே அது பெயராகிவிட்டது.

இப்போது ‘நகைச்சுவை’க்கு வருவோம். இது நல்ல சொல், ஆனால் வேறொன்றின் பெயர். சிரிப்பு வரவழைக்கும் சுவைக்கு அது பெயர். காமெடி ஒரு படைப்பு வகையின் பெயர். 1623இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை முதன்முதலாகத் தொகுத்து அச்சிட்டபோது, வெனிஸ் நகரத்து வணிகனின் கதையைக் காமெடிகளில்தான் சேர்த்தார்கள். அதில் கடன் கொடுத்த ஷைலாக், ஈடாக வணிகனின் சதையை அறுத்தெடுக்கக் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் யாருக்குச் சிரிப்பு வரும்? இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் பெருங்காவியத்துக்கு வைத்த பெயரும் ‘கொமேதியா’தான். நரகத்தில் தொடங்கி விண்ணுலகில் முடிகிற நூல் அது. அதை ஒருவர் ‘தெய்வீக நகைச்சுவை’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. நம் சினிமாவில் காமெடி தனித் தடமாகவே ஓடியது. கலைவாணர் காலத்திலிருந்து கவுண்டமணி, செந்தில், வடிவேலு வரைக்கும் கதை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அதனால் காமெடி என்றாலே தமிழ்க் காதுக்குச் சிரிப்புக் காட்சிதான். அந்தப் பழக்கத்தை அப்படியே அயல்நாட்டுப் படத்தின் தலையில் கட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

சரி, பேராசிரியர்கள் சொல்லும் ‘இன்பியல்’? டிராஜெடிக்குத் துன்பியல், காமெடிக்கு இன்பியல். நாடக வகுப்புக்கு இந்த இணை பொருந்துகிறது, அங்கே அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘இயல்’ என்று முடிந்தால் இயற்பியல், உயிரியல் போலப் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ‘இன்றைக்கு ஒரு காதல் இன்பியல் பார்த்தோம்’ என்று யார் வாயிலாவது வருமா? அதைவிட, இன்பியல் என்பது முடிவை வைத்து இட்ட பெயர். ‘ரோமன் ஹாலிடே’ பிரிவில் முடிகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்தால் வழி இருக்கிறது. மெய்ப்பாடு என்றால் உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி. எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை, அதாவது சிரிப்பு; எட்டாவது உவகை, அதாவது மகிழ்ச்சி. இரண்டையும் தொல்காப்பியர் ஒன்றாகப் போட்டுக் குழப்பவே இல்லை. நகைக்கு அவர் சொல்லும் காரணங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். உவகைக்கு,

‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று
அல்லல் நீத்த உவகை நான்கே.’

அல்லல் நீத்த என்றால் துன்பம் நீங்கிய. அந்த நான்கையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளவரசியிடம் செல்வம் இருக்கிறது, அது அவளுக்குக் கூண்டாக இருக்கிறது. புலன் என்பதற்கு உரைகாரர்கள் அறிவு என்று பொருள் சொல்வார்கள். முடி வெட்டிக்கொள்வது, ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பது என்று அவள் அன்றைக்கு உலகத்தை அறிகிறாள். புணர்வு, அந்தப் பத்திரிகைக்காரன் மேல் வரும் காதல். விளையாட்டு, வெஸ்பா ஸ்கூட்டரில் தெருத் தெருவாகச் சுற்றுவதும், ‘உண்மையின் வாய்’ என்ற கல்முகத்துக்குள் கிரிகரி பெக் கையை விட்டு, கை போய்விட்டதுபோல் அலறி ஆட்ரி ஹெப்பர்னைப் பதறவைப்பதும். நகையும் உண்டு, படகு நடனத்தில் கிட்டாரால் ஒருவனின் மண்டையில் அடிக்கிறாளே, அதுபோல. ஆனால் அது ஊறுகாய். இலை நிறைய இருப்பது உவகை.

ஊரும் இதில் சேர்த்திதான். ‘யாறும் குளனும் காவும் ஆடிப் பதியிகந்து நுகர்தல்’ என்று தொல்காப்பியத்தின் கற்பியல் கணவன் மனைவிக்குச் சொல்கிறது. ஊரைவிட்டு வெளியே போய், ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி இன்பம் துய்ப்பது. தெரியாத ஊருக்குப் போய்க் காதலில் விழும் படங்களுக்கும் இது பொருந்தும். அதனால் நான் ‘காதல் உவகைப் படம்’ என்று எழுதுகிறேன். ஒருமுறை கட்டுரையில் அப்படி எழுதி அனுப்பினேன். அச்சில் ‘காதல் நகைச்சுவை’ என்று மாற்றியிருந்தார்கள். உவகை வாசகருக்குப் புரியாதாம். ‘உவகை பொங்க’ என்று கல்யாணப் பத்திரிகையில் படித்துப் புரிந்துகொள்கிறவருக்குச் சினிமாப் பக்கத்தில் மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் விடவில்லை. “அல்லல் நீத்தன்னா, கடைசியில ஏன் மாமா அழுகை வருது?” நான் படத்தின் கடைசியில் வரும் நிருபர்கள் சந்திப்புக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டினேன். எந்த ஊர் பிடித்திருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதத்தில் என்று, சொல்லிக்கொடுத்த பதிலைத் தொடங்கிய இளவரசி பாதியில் நிறுத்திவிட்டு, ரோம் என்கிறாள். உயிருள்ளவரை அதை நெஞ்சில் வைத்திருப்பேன் என்கிறாள். அந்த ஒரு நாள்தான் அல்லல் நீத்த நாள், அதை நினைத்துத்தான் நமக்கு அழுகை வருகிறது என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.