யாருக்கு முந்திச் சாவு?

ஏழை முந்திச் சாகிறாரா, வசதியானவரா என்று அறியச் சாவுகளை எண்ணினால் மட்டும் போதாது. வடசென்னையில், ராயபுரம் பழைய ஜெயில் சாலையில் இருக்கிறது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அந்த வட்டாரத்தில் பதிவாகும் சாவுகளை எண்ணி, அங்கே குடியிருப்பவர்களின் தொகையால் வகுத்துப் பார்த்தால் மிரள வைக்கும் ஒரு எண் வரும். அந்த எண்ணை நம்பக் கூடாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, உயிர் எங்கே பிரிந்ததோ அங்கேதான் சாவு பதிவாகும். இறந்தவர் எங்கே குடியிருந்தார் என்பது அதில் இரண்டாம்பட்சம். எண்ணூரிலிருந்தும் திருவள்ளூர்ப் பக்கமிருந்தும் ஆம்புலன்ஸில் வந்து கண்மூடியவர்கள் எல்லாரும் ராயபுரத்துக் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

வயதும் இப்படித்தான் ஏமாற்றும். ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் கேரளம் பீகாரை முந்தி நிற்கும். ஆனால் நீண்ட நாள் வாழ்கிறவர்கள் கேரளத்துக்காரர்கள்தான். அங்கே முதியவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம், அவ்வளவே. எனவே ஆய்வாளர்கள் நாற்பது வயதுக்காரரை நாற்பது வயதுக்காரரோடும், அறுபதை அறுபதோடும் ஒப்பிடுவார்கள். பிறகு எல்லாப் பகுதிக்கும் ஒரே வயதுக் கலவை இருப்பதாக வைத்து விகிதத்தைத் திரும்பக் கணக்கிடுவார்கள். ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த ஒரு தெருவையும், வியாசர்பாடியில் இளம் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கையும் இந்தத் திருத்தம் இல்லாமல் ஒப்பிட்டால், வசதியான தெருவில்தான் சாவு அதிகம் என்று கூட விடை வரலாம்.

கணக்கைச் சரிசெய்த பிறகு என்ன தெரிகிறது? 1820களில் பாரிஸில் லூயி ரெனே வில்லெர்மே என்ற மருத்துவர், நகரின் வட்டாரங்களை இறப்பு விகிதப்படி அடுக்கினார். ஆற்றின் ஈரம், மேடு பள்ளம், நெரிசல் என்று அக்கால மருத்துவர்கள் நம்பிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை. வாடகை மிகக் குறைவு என்பதால் வரி விதிக்கப்படாத வீடுகள் எங்கே அதிகமோ, அங்கே சாவும் அதிகமாக இருந்தது.

இதையும்விட என்னை யோசிக்க வைப்பது, 1967இல் லண்டனில் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வு. அதில் இருந்தவர்கள் சுமார் 18,000 ஆண்கள். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள்: மாதச் சம்பளம், நாற்காலி, இலவச மருத்துவம். யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனாலும் 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களில், கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளுடையதைப்போல் சுமார் மூன்று மடங்கு. நடுவில் இருந்தவர்கள் நடுவிலேயே இருந்தார்கள். பதவியில் ஒரு படி இறங்கினால் சாவில் ஒரு படி ஏற்றம். சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கழித்த பிறகும் இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது.

வடசென்னையைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எல்லாம் குடிச்சே போறவங்க" என்று முடித்துவிடுகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம். சாவைப் பதிவு செய்ய நிரப்பும் இரண்டாம் எண் படிவமும் ஏறக்குறைய அவர்கள் கண்ணால்தான் பார்க்கிறது. புகைபிடித்தாரா, புகையிலை மென்றாரா, பாக்கு மென்றாரா, குடித்தாரா, எத்தனை ஆண்டு என்று அடுக்கிக் கேட்கிறது. தொழில் என்ன என்று ஒரு வரி உண்டு. வருமானத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்தஸ்து எப்படி உடம்புக்குள் இறங்குகிறது? காசிமேட்டில் மீன் கூடை இறக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நேரம் கடக்கக் கடக்க இதயத் தசை செத்துக்கொண்டே போகும். அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது மதியம் ஆகியிருந்தால், சான்றிதழில் எழுதப்படும் காரணம் மாரடைப்பு. காத்திருக்க வைத்த கூலி அதில் இடம்பெறாது.

அந்த வலிக்குப் பின்னால் பல வருஷம் இருக்கிறது. மணலி ஆலைகள், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகள் என்று அந்தப் பக்கத்துக் காற்றில் கலப்பவை ஏராளம். பிஎம் 2.5 என்னும் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகிறது; அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலந்து, குழாய்ச் சுவர்களில் அழற்சியைக் கிளப்புகின்றன. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா அனுமதிக்கும் அளவு 40.

இன்னொன்று மன அழுத்தம். வேலை அதிகம் என்பதைவிட, அந்த வேலையில் தன் சொல் எதுவும் எடுபடாது என்ற நிலைதான் அதிகம் உறுத்துகிறது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வொயிட்ஹால் ஆய்வில், வேலையின் மீது பிடி குறைந்தவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது. நாளை வேலை கிடைக்குமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா என்ற கவலை ஓயாதபோது கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கு கெடுகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன.

பணத்தை மட்டும் வைத்து இதை முடித்துவிடவும் முடியாது. தமிழ்நாடு இடம்பெறாத ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும், ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவாக இருந்தது. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை.

நோய்கள் மாறியும், யாருக்கு முந்திச் சாவு என்ற வரிசை மாறாதது ஏன் என்பதற்கு லிங்க், ஃபீலன் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1995இல் ஒரு விளக்கம் தந்தார்கள். காசு, படிப்பு, தெரிந்த டாக்டர் ஆகியவை எந்த நோய்க்கும் பயன்படும் மூலதனம். காலரா போய்ச் சர்க்கரை வந்தாலும், புதிய சிகிச்சை அந்த மூலதனம் உள்ளவரையே முந்திச் சேர்கிறது. தேடிப் போகிறவருக்கே கிடைக்கும் சிகிச்சை இடைவெளியைக் கூட்டும். எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும் தடுப்பூசி அதைக் குறைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இரண்டாவது வகை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வருவதால் அந்தக் கூடைக்காரருக்கு அரைநாள் கூலி மிச்சமாகிறது. மணலிக் காற்றுக்கு அப்படி ஒரு மாத்திரை கிடையாது. அதை ஆலையின் புகைபோக்கியில்தான் குறைக்க முடியும்.