சக்கர் மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம்?

தொட்டியில் பாசி பிடித்ததும் கடைக்குப் போய் "ஒரு சக்கர் மீன் குடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். மற்ற மீன்களையெல்லாம் நிறம் பார்த்து, வால் பார்த்து வாங்கியிருப்பார்கள். இதை மட்டும் கண்ணாடி துடைக்க வாங்குவார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பிளெகோ என்கிற இந்த மீனைத் தொட்டியில் வைப்பதென்றால் முதலில் அதைத் தேர்வு செய்ய வேண்டும், அதற்கு ஒத்துவருகிற மீன்களைப் பிறகு தேட வேண்டும்.

பிளெகோக்கள் லோரிகாரிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த கெளுத்தி இனங்கள். தாயகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவின் தென்பகுதியும். உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். நம் கடைகளில் விரல் நீளத்தில் விற்கப்படும் சாதாரண சக்கர் பெரும்பாலும் டெரிகோப்லிக்திஸ் இனம். அது 40 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். 3 அடித் தொட்டியில் அதை வைத்தால், வளர்ந்தபின் ஒழுங்காகத் திரும்பக்கூட இடம் இருக்காது. வீட்டுத் தொட்டிக்குச் சரியானது பிரிஸ்டில்நோஸ் என்கிற ஆன்சிஸ்ட்ரஸ். 12 சென்டிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல் கிளைவிட்ட மீசைக்கொத்து முளைக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

யாரோடு சேரும், யாரோடு சேராது என்பதற்கான முதல் விடை அதன் வாயில் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வெளியிலிருந்து உற்றுப் பாருங்கள். வட்டமான உதடு முழுவதும் கண்ணாடியில் பதிந்திருக்கும். நடுவே மெல்லிய பற்கள் நெருக்கமாக வரிசை கட்டி, தேங்காய்த் துருவியைப் போல மேலும் கீழும் சுரண்டும். கீழ்த்தாடையின் இடது பாதியும் வலது பாதியும் தனித்தனியே அசையக்கூடியவை என்பதால், மேடுபள்ளமான கல்லிலும் கட்டையிலும் பற்கள் சரியாகப் படியும். வாயால் ஒட்டிக்கொண்டே மூச்சும் விடும். வாயோரத்துச் சிறு மீசை இருக்கும் இடத்துப் பள்ளம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், செவுள் வழியாக வெளியேறுகிறது.

இந்த வாய்க்குப் பாசியும் ஒன்றுதான், இன்னொரு மீனின் உடம்பில் இருக்கும் வழவழப்பும் ஒன்றுதான். மீன் தோலின் கோழைப் படலத்தில் புரதம் இருக்கிறது. போதிய தீனி கிடைக்காத சாதாரண சக்கர், இரவில் அசையாமல் நிற்கும் மீனின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். டிஸ்கஸ், கோல்டு ஃபிஷ் போன்ற அகலமான, மெதுவான மீன்கள்தான் அதிகம் மாட்டும். காலையில் பார்த்தால் விலாவில் வெளிறிய, தோலுரிந்த திட்டுகள் தெரியும். படலம் போன இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதாகத் தொற்றும். பிரிஸ்டில்நோஸ் இந்த வேலையைச் செய்வது அபூர்வம். அதனால் ஏஞ்சல் மீனோடு பிரிஸ்டில்நோஸை வைக்கலாம், டிஸ்கஸோடு பெரிய சக்கரை வைக்கக் கூடாது.

கோல்டு ஃபிஷ் எந்த பிளெகோவோடும் வேண்டாம் என்பது என் கட்சி. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், 20 டிகிரி செல்சியஸ் பக்கம் நன்றாக இருக்கும். பிளெகோவுக்கு 24 முதல் 28 வரை வேண்டும். இரண்டுமே கழிவை அள்ளிக் கொட்டுகிற ரகம் வேறு. சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்கிறது என்பது பாதி உண்மைதான். பாசியைத் தின்று நீள நீளமாக எச்சம் போடும், அதிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள்தான் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றியாக வேண்டும். பிளெகோ வந்தால் ஃபில்டரின் சுமை கூடுமே தவிரக் குறையாது.

இரண்டாவது விஷயம், அதன் வேளை. பிளெகோவின் கண்ணில் பாப்பாவின் மேலிருந்து ஒரு மடிப்பு தொங்கும். வெளிச்சத்தில் அது இறங்கிப் பாப்பாவைச் சிறிய லாட வடிவாக்கும், இருட்டில் சுருங்கி வழிவிடும். இரவில் மேய்கிற மீன் இது. பகலில் மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் நீந்துகிற மீன்களைச் சேர்த்தால் மோதலுக்கே வழியில்லை. டெட்ராக்கள், ராஸ்போரா, டேனியோ எல்லாம் இந்த வகை. செர்ரி பார்ப் இன்னும் பொருத்தம். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன் அது, 5 சென்டிமீட்டர்தான் வளரும், யாரையும் சீண்டாது. போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருக்கிற வீடுகளில் டெட்ரா திணறலாம், அங்கே மோலியும் பிளாட்டியும் தாங்கும். பிரிஸ்டில்நோஸும் ஓரளவு கடின நீருக்குப் பழகிக்கொள்ளும்.

தகராறு வருவது தரையில்தான். பிளெகோவுக்கு ஒரு பொந்து வேண்டும், ஆண் பிளெகோ முட்டையைக் காப்பதும் அங்கேதான். அதே தரையை உரிமை கொண்டாடும் கான்விக்ட் சிக்லிட், ரெட் டெயில் ஷார்க் போன்றவற்றைச் சேர்த்தால் இரண்டில் ஒன்று மூலையில் ஒதுங்கிவிடும். இரண்டு ஆண் பிரிஸ்டில்நோஸும் அப்படித்தான், சிறு தொட்டியில் ஒன்றே போதும். கோரிடோரஸ் விதிவிலக்கு. தரையில் மேய்ந்தாலும் கூட்டமாகத் திரிகிற சாது அது, பொந்துக்கு ஆசைப்படாது. அப்புறம், கடைகளில் சிறிய 'கோல்டன் சக்கர்' என்று விற்கும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் பிளெகோவே அல்ல. தென்கிழக்கு ஆசியாவின் வேறு குடும்ப மீன். குட்டியில் பாசி தின்னும், வளர்ந்தபின் மற்ற மீன்களைத் துரத்தி ஒட்டும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆஸ்கர் என்கிற பெரிய மீனை வளர்ப்பவர்கள் அதைப் பெரிய சக்கரோடு சேர்த்து வைப்பதுண்டு. 6 அடித் தொட்டியும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவும் என்றால் சரி, எலும்புத் தகடு இருப்பதால் ஆஸ்கரின் முட்டல் உறைக்காது. குட்டி பிளெகோ என்றால் ஆபத்து இரண்டுக்கும். விழுங்கப்படும்போது அது முதுகுத் துடுப்பின், மார்புத் துடுப்பின் முள்ளை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளும். ஆஸ்கரின் தொண்டையில் சிக்கினால் இரண்டும் சாகலாம். வலையில் பிளெகோவைப் பிடித்தால் சிக்கிக்கொள்வதற்கும் இதே முள்தான் காரணம். டப்பாவில் பிடிப்பது நல்லது.

விலை உயர்ந்த ரகங்களுக்கு வேறு கணக்கு. கறுப்பு வெள்ளை வரி போட்ட ஜீப்ரா பிளெகோ, ஆர்வலர்கள் எல்-46 என்று அழைப்பது, பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் வாழ்கிறது. 28 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேகமான ஓட்டமும் அதற்குப் பழக்கம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 24 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.4 மில்லிகிராம் கரைந்தால், 30 டிகிரியில் 7.5 தான். ஆகவே அந்தத் தொட்டியில் நீரை நன்றாகச் சுழற்றிவிட வேண்டும், சேர்க்கிற மீனும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஜீப்ரா பாசியை நம்பி வாழ்வதில்லை, புரதம் தின்னும். கூச்ச சுபாவம் வேறு. சுறுசுறுப்பான கோரிடோரஸ் கூட்டம் இருந்தால் ஜீப்ராவின் பங்குக்கு எதுவும் மிஞ்சாது. சாதாரண பிளெகோவுக்கு இல்லாத இந்தக் கவலையால்தான் பலர் ஜீப்ராவைத் தனியாகவே வளர்க்கிறார்கள்.

100 லிட்டர் பிடிக்கும் 3 அடித் தொட்டிக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பிரிஸ்டில்நோஸ், எட்டு பத்து செர்ரி பார்ப் அல்லது டெட்ரா, ஆறு கோரிடோரஸ். சுரண்ட ஒரு டிரிஃப்ட்வுட் கட்டை, ஒளிய இரண்டு பொந்து. பகலில் போடும் தீனியை மேலே இருப்பவை தின்றுவிடும் என்பதால், விளக்கை அணைத்தபின் வேகவைத்த வெள்ளரித் துண்டையோ சுரைக்காயையோ ஃபோர்க்கில் குத்திக் கீழே இறக்குங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் நாறும்.