பறந்துபோன பறவைக்கு என்ன சாட்சி?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சதுப்புக் காடு. 2004 ஏப்ரலில் அங்கே ஒரு படகில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ கேமராவில், மரத்தின் பின்னாலிருந்து கிளம்பிப் பறந்து மறையும் ஒரு பெரிய பறவை பதிவானது. மொத்தம் நான்கு விநாடி. படமும் தெளிவில்லை. அந்த நான்கு விநாடியையும் சிலர் நேரில் பார்த்துச் சொன்ன தகவல்களையும் வைத்து, அழிந்துவிட்டதாகப் பலர் நினைத்திருந்த 'ஐவரி பில்டு' மரங்கொத்தி இன்னும் உயிரோடிருக்கிறது என்று 2005-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. மறு ஆண்டே அதே இதழில் மறுப்பும் வந்தது.

இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே படத்தைத்தான். சண்டை, சிறகில் வெள்ளை எங்கே இருக்கிறது என்பதில். ஐவரி பில்டு மரங்கொத்திக்குச் சிறகின் பின்விளிம்பு வெள்ளை. அதே காட்டில் சர்வசாதாரணமாகத் திரியும் 'பைலியேட்டட்' மரங்கொத்திக்குப் பின்விளிம்பு கறுப்பு, ஆனால் சிறகின் அடிப்பக்கத்தில் முன்பகுதி வெள்ளை. வீசிப் பறக்கும்போது சிறகு முறுக்கிக்கொண்டு அடிப்பக்கம் தெரிந்தால், மங்கலான படத்தில் இதுவும் அதுபோலவே தோன்றும் என்பது மறுத்தவர்களின் வாதம். அமெரிக்க அரசு 2021-ல் இந்தப் பறவையை அழிந்ததாக அறிவிக்க முன்மொழிந்தது. ஆனால் 2023-ல் 21 உயிரினங்களை அழிந்தவை என்று பட்டியலிலிருந்து நீக்கியபோது, இதை மட்டும் முடிவு சொல்லாமல் நிறுத்திவைத்தது.

பார்த்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று மறுத்தவர்கள் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். அரிய பறவைப் பதிவை ஆராயும் குழு 'ஏற்கவில்லை' என்று எழுதினால், 'நீங்கள் அதைப் பார்க்கவில்லை' என்று அர்த்தமில்லை. 'நீங்கள் கொடுத்திருப்பதை வைத்து, அங்கே இல்லாத எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை' என்றுதான் அர்த்தம். மனவருத்தங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருகிறது.

சரி, இவ்வளவு கறார் எதற்கு? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நல்ல அனுபவமுள்ள ஒருவர், சாதாரணமான ஒரு பறவையை நூறு முறை பார்த்தால் ஒரு முறை மட்டும் அதை அதன் அரிய உறவினம் என்று தவறாக நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் சரி, மோசமில்லை. ஆயிரம் சாதாரணப் பறவைகளுக்கு ஓர் அரிய பறவைதான் அந்த வட்டாரத்துக்கு வரும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரத்து ஒன்றையும் பார்த்து முடிக்கும்போது அவர் கையில் பதினொரு 'அரிய' பறவைகள் இருக்கும். அதில் பத்து தவறு. அவருடைய திறமையில் குறை ஒன்றும் இல்லை. அரிதானது அரிதாக இருப்பதுதான் காரணம். அதனால்தான் காக்கையைப் பார்த்தேன் என்றால் யாரும் படம் கேட்பதில்லை.

இந்தக் கணக்கையே இயந்திரமாக்கி வைத்திருக்கிறது இ-பேர்ட். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளை இடுவதற்காக, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் 2002-ல் தொடங்கிய தரவுத்தளம் அது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சல்லடை உண்டு: இந்த மாதத்தில் இந்தப் பறவை இத்தனை வரை இருந்தால் இயல்பு, தாண்டினால் விளக்கம் வேண்டும். குளிர்கால வலசைப் பறவை கோடையில் பதிவானாலும், பத்து இருக்கும் இடத்தில் ஆயிரம் என்று எழுதினாலும் சல்லடை பிடித்துக்கொள்ளும். அதன்பின் அந்தப் பகுதியை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார், தேவைப்பட்டால் எழுதிக் கேட்பார். உறுதியாகாத பதிவு பார்த்தவரின் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். வரைபடங்களுக்கும் ஆய்வுத் தரவுக்கும் மட்டும் போகாது. பிடிபடுவதில் கணிசமானவை தவறான அடையாளம்கூட இல்லை. பட்டியலில் விரல் ஒரு வரி தள்ளி அழுத்திவிட்ட கதைதான்.

இன்னும் அரிதானவை குழுவுக்குப் போகும். பிரிட்டனில் 1959 முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு இதைச் செய்துவருகிறது. நாட்டுக்கே முதன்முறை என்றால் அதற்கு மேலும் ஒரு குழு உண்டு. இப்படிப்பட்ட குழுக்களிடம் போகும் கோப்பில் 'அதை நன்றாகத் தெரியும்' என்ற வரிக்கு மதிப்பில்லை. அவர்கள் தேடுவது இன்னொன்றை: இதைப்போலவே தோன்றும் மற்ற பறவைகளை எப்படி ஒதுக்கினீர்கள்?

நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், கையேட்டைத் திறப்பதற்கு முன் எழுதியதாக இருக்கும் என்பேன். கையேட்டில் படத்தைப் பார்த்த மறுகணமே நினைவு அந்தப் படத்துக்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிடும். கண்ணுக்கு மேல் புருவக்கோடு இருந்ததா? இருந்ததாகத்தான் இப்போது தோன்றும். அதனால் பறவை கண்ணெதிரே இருக்கும்போதே, அல்லது போன உடனே, எழுதிவிட வேண்டும். நேரம், தொலைவு, வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் பார்த்தது, பக்கத்தில் நின்ற பறவையைவிடப் பெரிதா சிறிதா, கால் நிறம், வால் நுனி, அலகின் வடிவம், நடந்த விதம். பார்க்க முடியாததையும் எழுத வேண்டும். 'வாலின் அடிப்பக்கம் தெரியவில்லை' என்ற வரி பலவீனம் போலத் தோன்றலாம். எழுதியவர் தெரிந்ததை மட்டும் எழுதுகிறவர் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. வரையத் தெரியாதவர் வரைந்த கோணல் படமும் அம்புக்குறிகளோடு இருந்தால் போதும், பிரயோசனம்தான்.

கையில் கேமரா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். படம் நேர்மையான சாட்சி, ஆனால் முட்டாள் சாட்சி. அதிக ஒளி பட்டால் சாம்பல் நிறம் வெள்ளையாகும். மாலை வெயில் பழுப்பைச் செம்பழுப்பாக்கும். தனியாக நிற்கும் பறவையின் அளவைப் படம் சொல்லாது. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் உறைந்த சிறகு, கண் ஒருபோதும் பார்த்திராத ஒரு வடிவத்தைக் காட்டும். அதனால் ஒரே ஓர் அழகான படத்தைவிட, வெவ்வேறு கோணத்தில் எடுத்த சுமாரான பத்துப் படங்கள் மேல். வெட்டிச் சீராக்காத மூலக் கோப்பையும் வைத்திருக்க வேண்டும். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வெயிலில் நிற்கும் பறவைகளைச் சரிபார்ப்பவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

நிறமிக் குறைபாடு, கலப்பினம், இறகுதிர்க்கும் பருவம், வயது எல்லாமே ஏமாற்றும். பெரிய கடற்காகங்கள் முழு வளர்ச்சி அடைய நான்கு ஆண்டுகள் வரை ஆகும், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் உடை. அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

சில இணைகளில் கண்ணால் பயனே இல்லை. வட அமெரிக்காவின் 'ஆல்டர்', 'வில்லோ' ஈப்பிடிப்பான்களை 1973 வரை ஒரே இனம் என்றே வைத்திருந்தார்கள். பாட்டுதான் இரண்டையும் பிரித்தது. அதனால் செல்போனில் பிடித்த பத்து விநாடி ஒலி, ஆயிரம் படங்களுக்கு மேலான சான்றாகலாம். ஒலியைப் படமாக்கும் வரைவில் நேரம் கிடையாக ஓடும், சுருதி மேலே ஏறும். காதுக்கு ஒன்றுபோலக் கேட்ட இரண்டு கத்தல்கள் அங்கே வேறு வேறு வடிவங்களாகப் படுத்திருக்கும்.

படம் எதிர்பாராத இன்னொரு வேலையும் செய்யும். ஸ்டெல்லர் கடற்கழுகின் தாயகம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியும் ஜப்பானும். 2020-ல் ஒன்று அலாஸ்காவின் உட்பகுதியில் தென்பட்டது. 2021-ல் டெக்சாஸில் ஒன்று, பிறகு கனடாவின் கிழக்கில், ஆண்டு முடிவதற்குள் மாசசூசெட்ஸிலும் மெய்னிலும். எத்தனை கழுகுகள்? சிறகுகளில் இருந்த வெள்ளைத் திட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அலாஸ்காவில் நின்றதும் கிழக்குக் கரையில் நின்றதும் ஒரே கழுகு என்று தெரிந்தது. அலாஸ்காவில் படம் எடுத்தவருக்கு அப்போது இது தெரிந்திருக்க வழியில்லை.

இனம் எது என்று தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: தானாக வந்ததா, கூண்டிலிருந்து தப்பியதா? வாத்துகளுக்கும் கிளிகளுக்கும் இது பெரிய தலைவலி. காலில் வளையம், தேய்ந்த வால், கத்தரித்த சிறகு, மனிதரைக் கண்டு கூச்சமின்மை இவையெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் வேற்றிடத்தில் வந்து சேர்ந்த காட்டுப் பறவையும் களைப்பில் மனிதருக்கு அருகே அசையாமல் நிற்கும். இங்கேதான் இறகு பேசுகிறது. மழைநீரில் கனமான ஹைட்ரஜனின் (ஹைட்ரஜனின் ஓர் ஐசோடோப்பு, அதாவது எடை கூடிய வடிவம்) விகிதம் இடத்துக்கு இடம் மாறும். அது செடிக்கும், செடியிலிருந்து பறவைக்கும், அங்கிருந்து வளரும் இறகுக்கும் போகும். வளர்ந்து முடிந்த இறகு நகம் போல, அதன்பின் மாறாது. பைக்கால் கிளுவை என்ற சைபீரிய வாத்து 1906-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் சுடப்பட்டுப் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்தது. கூண்டுகளில் வளர்க்கப்படும் இனம் என்பதால் அதன்மேல் சந்தேகம் இருந்தது. நூறு ஆண்டு கழித்து இறகின் ஐசோடோப்புகளை அளந்து, காட்டிலிருந்து வந்ததுதான் என்ற முடிவோடு பிரிட்டனின் பறவைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பொருள் பேசும், சரி. ஆனால் பொருளின் மேல் ஒட்டிய சீட்டு பொய் சொல்லலாம். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பகுதியிலிருந்து 1892 முதல் 1930 வரை அரிய பறவைகள் அள்ளி அள்ளி வந்தன. பெரும்பாலானவை சுட்டவை, கையில் இருந்தவை. 1962-ல் புள்ளியியலாளர் ஜான் நெல்டர் அந்தப் பதிவுகளைச் சுற்றுவட்டாரப் பதிவுகளோடும் பிற்காலப் பதிவுகளோடும் ஒப்பிட்டார். பக்கத்து ஊர்களுக்கு வராத பறவைகள் இங்கே மட்டும் வந்திருந்தன, பார்ப்பவர்கள் பெருகிய பிற்காலத்தில் வருவதை நிறுத்திக்கொண்டன. வெளிநாட்டிலிருந்து வந்த உடல்கள் உள்ளூரில் சுடப்பட்டவை என்ற பெயரில் விற்பனையாகியிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்து, கிட்டத்தட்ட 600 பதிவுகளைத் தூக்கியெறிந்தார்கள். அவற்றில் இருந்த இனங்களில் பல, பின்னாளில் ஒழுங்கான சான்றுகளோடு வந்து பட்டியலில் மறுபடி இடம் பிடித்தன.

தூக்கியெறிந்ததால் ஒரு பறவையே கிடைத்த கதையும் உண்டு. மத்திய இந்தியாவின் 'ஃபாரஸ்ட் அவ்லெட்' என்ற சிற்றாந்தைக்கு உலகம் முழுவதும் ஏழே பாடம் செய்த உடல்கள்தான் இருந்தன. 1884-க்குப் பிறகு இருந்த ஒரே சான்று, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரி 1914-ல் குஜராத்தில் சேகரித்ததாகச் சீட்டு எழுதிய ஓர் உடல். அதை நம்பியதால் தேடல்கள் தவறான பக்கம் போயின. பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் அந்த உடலை எக்ஸ்-ரே எடுத்து ஆராய்ந்தார். 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற பறவை சேகரிப்பாளர் பாடம் செய்த பறவை அது. திருடி, பிரித்து, மறுபடி அடைத்துப் புதுச் சீட்டு கட்டியிருந்தார்கள். உள்ளே டேவிட்சனின் கைவேலையின் தடயம் மிஞ்சியிருந்தது. ராஸ்முசன் 1914-ஐயும் குஜராத்தையும் அடித்துவிட்டு, உண்மையான பழைய சீட்டுகளில் இருந்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பேரோடு கிளம்பினார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே, பட்டப்பகலில் ஓர் இலையற்ற மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. நேரில் பார்த்தது மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். வீடியோவும் படங்களும் எடுத்துக்கொண்டார்கள்.