இரண்டாவது மலிவான பாட்டில்

லண்டனில் கொஞ்சம் பெரிய உணவகத்துக்குப் போனால், ஒயின் பட்டியல் என்று தோல் அட்டை போட்ட ஒரு புத்தகத்தையே கையில் கொடுப்பார்கள். ரெட் ஒயின் மட்டும் நாலு பக்கம். பாதிப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கவே கூச்சமாக இருக்கும். எதிரே விருந்தாளி, பக்கத்தில் ஒயின் பரிமாறுபவர். நம் கண் நேராக விலை இருக்கும் ஓரத்துக்குத்தான் ஓடும். இருப்பதிலேயே மலிவானதைச் சொன்னால் கஞ்சன் என்று நினைப்பார்களோ? சரி, அதற்கு அடுத்தது.

இந்தக் கூச்சம் உணவகத்துக்குத் தெரியும், அந்த இரண்டாவது பாட்டிலில்தான் லாபத்தை ஏற்றி வைத்திருப்பார்கள் என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. டேவிட் டி மெசா, விக்ரம் பதானியா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2021இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். 249 லண்டன் உணவகங்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஒயின்கள். பேச்சு பொய். விலை வரிசையின் இரு கோடிகளிலும் லாப விகிதம் குறைவு, நடுப்பகுதியில்தான் அதிகம். "மலிவும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம்" என்று நடுவில் கைவைக்கும் நிதானசாலிதான் மாட்டிக்கொள்கிறார்.

விலை கூடினால் ருசி கூடாதா? கூடும், அதுதான் வேடிக்கை. 2008இல் அமெரிக்காவில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும், இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். மரியாதைக்காகச் சொன்ன பொய்யும் இல்லை. மூளையில் இன்பத்தை மதிப்பிடும் பகுதியே அப்போது கூடுதலாக வேலை செய்திருக்கிறது.

ஆக, விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நம்மையே ஏமாற்றும் வேலை. அதைவிட நம்பகமான வழிகாட்டி ஒன்று இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கும் நமக்கு இது சுலபமாகப் பிடிபட வேண்டும். ஆனால் அறிவியல் கணக்கில் துவர்ப்பு ருசியைவிடத் தொடு உணர்ச்சிக்கு நெருக்கமானது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது. எச்சிலின் வழுவழுப்பு போய், நாக்கும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. கொட்டைப்பாக்கைக் கடித்ததும் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அதேதான்.

வாய்க்குள் வேறு புரதம் இருந்தால் டானின் அதையும் பிடித்துக்கொள்ளும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது இதனால்தான். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ சாப்பிடும்போது, காபர்நே சொவிஞோன் போன்ற தடித்த தோல் திராட்சையின் முரட்டு ஒயின் சாதுவாகிவிடும். கோழி, காளான் என்றால் பினோ நுவார் போதும். அதன் தோல் மெல்லியது, துவர்ப்பும் குறைவு. நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. இத்தாலியின் பரோலோ பார்க்க வெளிறி இருக்கும், குடித்தால் நாக்கைச் சுரண்டிவிடும்.

எனவே பரிமாறுபவரிடம் பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை. என்ன சாப்பிடப்போகிறோம், எவ்வளவு துவர்ப்பு தாங்கும் என்று சொல்லுங்கள். அப்புறம் பட்டியலில் நமக்குக் கட்டுப்படியாகும் ஒரு விலையின் மேல் விரலை வைத்து, "இந்த மாதிரி ஏதாவது" என்றால் போதும். விருந்தாளிக்கு விலை காதில் விழாது, பரிமாறுபவருக்குப் புரிந்துவிடும்.

பாட்டில் வந்ததும் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள் என எண்ணி, பலரும் பரீட்சை எழுதுவதுபோல வியர்ப்பார்கள். கேள்வி அதுவல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்பதுதான். கார்க்கில் சில பூஞ்சைகள் உண்டாக்கும் டிசிஏ என்ற பொருள், ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே ஒயினைக் கெடுத்துவிடும். குடிக்கக்கூட வேண்டாம், மோந்து பார்த்தால் போதும். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு பாட்டில் வரும்.