14 முதல் 18 வயதுப் பெண்பிள்ளைக்கு உரிய சத்துணவு: மழைக்காலத்துக்கு முன்னால் கேட்டு வாங்குங்கள்

ராமநாதபுரம் அல்லது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறீர்களா? வீட்டில் 14 முதல் 18 வயதுக்குள் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளா? அப்படியென்றால் உங்கள் ஊர் அங்கன்வாடியில் அவள் பெயரில் சத்துணவு ஒதுக்கீடு உண்டு. பல வீடுகளுக்கு இது தெரிவதே இல்லை. அங்கன்வாடி என்றால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த இரண்டு மாவட்டங்கள் மட்டும் ஏன் என்று கேட்கலாம். ஒன்றிய அரசின் வளரிளம் பெண்கள் திட்டம் முன்பு 11 முதல் 14 வயது வரை உள்ள, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்காக நடந்தது. 2021-ல் அதை போஷன் 2.0 என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தோடு சேர்த்து, 14 முதல் 18 வயது என்று மாற்றினார்கள். கூடவே, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒன்றிய அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டும்தான் என்றும் சுருக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை இந்த இரண்டு மாவட்டங்களே. பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டைக் கடற்கரைப் பிள்ளைக்கு இது கிடையாது. அவள் உடம்புக்கும் அதே சத்துதான் வேண்டும். இப்படி மாவட்ட எல்லை போட்டுப் பிரிப்பது சரியில்லை என்பதே என் கருத்து.

14 வயது என்பது முக்கியமான இடம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளுக்கு உணவை உரிமையாகத் தருவது 14 வயது வரைதான். தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் அதைத் தாண்டிப் பத்தாம் வகுப்பு வரை சோறும் முட்டையும் தருகிறது, அது நம் மாநிலத்தின் பெருமை. ஆனால் பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்துதான் கட்டிக்கொண்டு போக வேண்டும். வளர்ச்சி வேகமாக இருக்கிற, மாதவிடாயால் ரத்தம் குறைகிற வயதில் இது நடக்கிறது.

எவ்வளவு சத்து வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 கிலோ கலோரியும் 32 மில்லிகிராம் இரும்புச்சத்தும் வேண்டும். வளர்ந்த ஆணுக்கு வேண்டிய இரும்புச்சத்து 19 மில்லிகிராம்தான். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மீன் துண்டை வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் குழம்பை மட்டும் ஊற்றுகிற வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. முந்தைய ஆய்வில் இது 54.1 சதவீதம்.

அங்கன்வாடியில் தரவேண்டிய அளவு என்ன? ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம், வருடத்தில் 300 நாள். இதற்கு அரசு வைத்திருக்கும் செலவுக் கணக்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 50 காசு. வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவாக இதைத் தருகிறார்கள். ஒரு நாள் தேவையில் கால் பங்கு இது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் சேர வேண்டியது, அதற்குப் பதிலாக அல்ல. வாங்கிவந்த மாவைத் தம்பி தங்கைக்கும் சேர்த்துக் கிண்டினால் அவள் பங்கு ஒரு கரண்டியாகிவிடும். சின்னக் குழந்தைக்குத் தனியாக ஒதுக்கீடு இருக்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் ஆதாரை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய், போஷன் டிராக்கர் செயலியில் பெயர் ஏறியிருக்கிறதா என்று டீச்சரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பதிவில் பெயர் இல்லாவிட்டால் ஒதுக்கீடும் வராது.

இனிச் சொல்வது தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இது நீல நிறத்தில் இருக்கும். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் ஆறாம் வகுப்பிலிருந்து ஆண், பெண் இருவருக்கும் தருகிறார்கள். பள்ளிக்குப் போகாத பெண்பிள்ளை அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு வலிக்கும். அதைப் பார்த்துப் பயந்து பிள்ளைகள் அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட உடனே டீ குடிக்கக் கூடாது. டீயில் உள்ள துவர்ப்பு, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் நன்றாகச் சேரும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையையும் விடக் கூடாது. வயிற்றில் புழு இருந்தால் தின்கிற சத்து அதற்குத்தான் போகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். 12 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்கும் 12-க்கும் இடையில் என்றால் வார மாத்திரை போதாது. தினமும் இரண்டு மாத்திரை வீதம் மூன்று மாதம் என்பது அரசின் சிகிச்சை முறை, மருத்துவர் சொன்ன பிறகு தொடங்க வேண்டும். 8-க்குக் கீழே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

இந்த மூன்று மாதச் சிகிச்சை எந்த மாதத்தில் அறுபடுகிறது? நம் கடற்கரையில் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படி ஒரு மழை வந்தால் பள்ளிக்கு விடுமுறை, அங்கன்வாடி பூட்டிக்கிடக்கும், கடலுக்குப் போகாததால் வீட்டில் காசும் இருக்காது. சத்துணவு, மாத்திரை, மீன் மூன்றும் ஒரே வாரத்தில் நின்றுபோகும். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகும் குடும்பம் ரேஷன் அட்டையை எடுத்துக்கொள்கிறது, நகையை எடுத்துக்கொள்கிறது. மாத்திரை அட்டை அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

முகாமில் என்ன தர வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிவாரணத்துக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர். 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. பெண்களுக்கான பொருள்களில் நாப்கினும் அடக்கம். உணவு பெரியவர்களுக்கு 2,400 கிலோ கலோரி, குழந்தைகளுக்கு 1,700.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். 16 வயதுப் பிள்ளை எந்தக் கணக்கில் வருவாள்? 18 வயது ஆகாததால் குழந்தை என்று எழுதினால் அவளுக்கு 1,700. அவள் தேவையோ பெரியவர்களின் அளவை விடக் கூடுதல். ஆகவே முகாமில் பெயர் எழுதும்போது வளரிளம் பிள்ளைகளைப் பெரியவர்கள் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கழிப்பறை தூரத்தில் இருந்தாலோ, வெளிச்சம் இல்லாவிட்டாலோ பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். முகாமில் பெரியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு விளக்கு போடச் சொல்லி விஏஓவிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நாப்கின் பற்றி ஒரு வார்த்தை. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் இலவசமாகத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அக்டோபரில் வாங்குவதில் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் தனியே வையுங்கள். அதோடு மாத்திரை அட்டை, ஹீமோகுளோபின் சீட்டு, ஆதார் நகல் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ரேஷன் அட்டை இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஊராகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களின் கிராம சபைக் கூட்டங்கள் மழைக்கு முந்தி வருகின்றன. அங்கன்வாடிப் பதிவேட்டில் வளரிளம் பெண்களின் பட்டியல் இருக்கிறது. யாருக்கு ரத்தசோகைச் சிகிச்சை நடக்கிறது என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். பாதுகாப்பு மையத்துக்கு யார் பொறுப்பு என்ற விவரம் விஏஓவிடம் இருக்கும். மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கின்றன. முகாம் திறந்தால் செவிலியர் நான்கு வார மாத்திரையோடு அங்கே வர வேண்டும், மழைக்கு முன்பே அங்கன்வாடி மாவை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். யாருக்கு என்ன நோய் என்பதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டியதில்லை, அது செவிலியரின் நோட்டில் இருந்தால் போதும்.

மாவு வரவில்லை, பெயர் ஏற்றவில்லை என்றால் முதலில் வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அங்கன்வாடி மையம், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்ற நான்கு விவரமும் மனுவில் இருக்க வேண்டும். ரசீதை வாங்காமல் வராதீர்கள். மழை நேரத்தில் முகாமில் உணவோ தண்ணீரோ குறைந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு அடிக்கலாம், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.