மாடித் தோட்டத்துப் புதினாவும் ஜின்னும்: பார் கவுண்டருக்குப் பின்னாடி இருந்து கொஞ்சம் எச்சரிக்கை

சென்னைல ஒரு ஹோட்டல் பார்ல டிரிங்க்ஸ் கலக்குறது என் வேலை. இப்ப கொஞ்ச வருஷமா கெஸ்ட் கேக்குற கேள்வியே மாறிப்போச்சு. முன்னாடி எந்த பிராண்ட் நல்லாருக்கும்னு கேப்பாங்க, இப்ப மாடில குரோ பேக்ல புதினா இருக்கு, துளசி இருக்கு, சங்குப்பூ கம்பி பூரா படர்ந்து கிடக்கு, இதையெல்லாம் ஜின்ல போட்டா எப்படி இருக்கும்னு போன்ல போட்டோ காட்டி கேக்குறாங்க. நல்லாத்தான் இருக்கும். போடக் கூடாதது எதுன்னுதான் ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. (தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு இது சட்டப்படி கிடையாது, இதுவரைக்கும் குடிக்காதவங்க இத படிச்சிட்டு ஆரம்பிக்கவும் வேணாம்.)

ரெகுலரா வர்ற ஒரு பெரியவர், வீட்ல அவரே கலந்த டிரிங்க் போட்டோ காட்டினார். கிளாஸ் விளிம்புல பிங்க் கலர்ல ஒரு பூ, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. "சார், அது அரளி சார்"னேன். "அரளி விதைலதானப்பா விஷம், பூவ சாமிக்கே போடுறோமே"ன்னார். சாமிக்கு போடுறது சரி, சாமி குடிக்கறதில்லையே. அரளில இலை, பூ, தண்டு, காஞ்ச சருகு வரைக்கும் எல்லாமே விஷம், நேரா இதயத்துடிப்பத் தொடுற விஷம். அதோட குச்சிய ஒடிச்சு டிரிங்க்க கலக்குறது கூட ஆகாது. இன்னொன்னு, ஆல்கஹால் ஒரு செடில இருக்குறத நல்லாவே உருவி எடுக்கும், ஜின் தயாரிக்கறதே ஜூனிபர் காயோட வாசனைய அப்படி எடுத்துத்தான். வாசனைய எடுக்குற மாதிரியே விஷத்தையும் எடுக்கும். அதனால பேர் தெரியாத இலையையும் பூவையும் பாட்டில்ல ஊறப்போட்டு வைக்கறது ரொம்ப மோசமான ஐடியா.

நம்ம ஊர் மாடிலயும் காம்பவுண்ட்லயும் சாதாரணமா நிக்கிற மஞ்சள் அலமண்டா, ஊமத்தை, நித்தியகல்யாணி, செங்காந்தள், இது எதுவும் கிளாஸ் பக்கமே வரக் கூடாது. நித்தியகல்யாணில கேன்சர் மருந்து எடுக்குறாங்களே, உடம்புக்கு நல்லதுதானேன்னு கேக்குறவங்க இருக்காங்க, அந்த மருந்த டாக்டர் எவ்ளோ அளந்து குடுக்குறாங்கன்னு யோசிச்சு பாத்தா அந்தக் கேள்வியே வராது. கோயம்பேடு ரோஜாவும் வேணாம், மாலைக்குன்னு வளக்குற பூவுக்கு என்ன மருந்து அடிச்சாங்கன்னு நமக்குத் தெரியாது. புதினா, திருநீற்றுப்பச்சிலை, துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், இஞ்சி, ரெண்டு மூணு சங்குப்பூ, இது போதும். ஆனா கழுவணும். வேப்பெண்ணெய் அடிச்சிருப்பீங்க, மண்ணும் புறா எச்சமும் இருக்கும், ஆல்கஹால்தான் ஊத்துறோமே கிருமி செத்துரும்னு நினைக்காதீங்க. சானிடைசர்ல 60 சதவீதத்துக்கு மேல இருக்கணும், சோடா ஐஸ் எல்லாம் சேந்த கிளாஸ்ல சுமார் 10தான் இருக்கும்.

வெள்ளரிக்கா நறுக்கறதுக்கு முன்னாடி காம்பு பக்கம் ஒரு சின்ன துண்டு வெட்டி நாக்குல வச்சு பாருங்க. லேசா கசந்தா அந்த முனைய தள்ளிடலாம், நல்லா கசப்பு ஏறினா முழுசா தூக்கிப் போடுங்க. கசப்பான சுரைக்கா ஜூஸ் குடிச்சு இந்தியாவுல உயிரே போயிருக்கு, அதே கசப்புச் சத்துதான் இதுலயும். டிரிங்க்ல எலுமிச்சையும் சர்க்கரையும் இருக்கறதால கசப்பு அமுங்கிரும், அதனாலதான் முன்னாடியே ருசி பாக்கணும்.

சரி, கலக்குறது. ஷேக்கர்ல வெள்ளரிக்கா நாலு வில்லை போட்டு நல்லா நசுக்குங்க. புதினா எட்டு பத்து இலை, அத மட்டும் நசுக்காதீங்க, உள்ளங்கைல வச்சு இன்னொரு கையால ஒரு தட்டு, அவ்ளோதான், வாசனை மேல்பக்கத்துலயே இருக்கு. துவையலுக்கு அரைக்கற மாதிரி குத்தினா பச்சை வாடையும் கசப்பும்தான் வரும், வீட்ல கலக்குறது நல்லா வரலைன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு இதான் பிரச்சனை. எலுமிச்சை ஜூஸ் 20 மில்லி, சர்க்கரையும் தண்ணியும் சம அளவு கரைச்ச சிரப் 20 மில்லி, ஜின் 45 மில்லி, ஐஸ நிறைய போட்டு ஷேக்கர் வெளில பனி பூக்கற வரைக்கும் குலுக்கி, வடிகட்டி, மேல சோடா. வெள்ளரிக்காவும் சோடாவும் இல்லாம இதுக்கு சவுத்சைடுன்னு பேரு, பழைய கிளாசிக். சங்குப்பூவ வெந்நீர்ல ஊறவச்சு அந்தத் தண்ணிய கடைசில ஊத்தினா எலுமிச்சை புளிப்புக்கு நீலம் ஊதாவா மாறும், பசங்க ஆசையா கிட்ட வந்து பாப்பாங்க, அத பத்தி கீழ சொல்றேன்.

எலுமிச்சை பிழிஞ்ச கையோட மாடி வெயில்ல நிக்காதீங்க. அந்தச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு கொப்புளம், அப்புறம் கருப்புத் தழும்பு, அது மறைய வாரக்கணக்குல ஆகும், பார்ல வேலை பாக்குறவங்க கைய பாத்தா தெரியும். சோப்பு போட்டு கழுவிட்டு மாடிக்கு போங்க.

அளவுக்கு வருவோம். இங்க கிடைக்கிற ஜின்ல பெரும்பாலும் 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், அதாவது 30 மில்லிக்கு சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால். கண்ணளவுல ஊத்தினா வீட்டு டம்ளர்ல சர்வசாதாரணமா 90 போயிரும், புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேந்து அது 90ன்னு நாக்குக்கு தெரியவே தெரியாது. ஜிக்கர்னு சொல்ற அளவு கப் இல்லையா, இருமல் மருந்து மூடி வச்சாவது அளங்க. கத்திரி வெயில்ல இது உடம்பக் குளுமையாக்கும்னு நம்பாதீங்க, தண்ணிய வெளியேத்தும், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவுல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. சுகர் மாத்திரை, இன்சுலின், தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாடிக் எடுக்குறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது. டானிக் வாட்டர்ல குயினைன் இருக்கு, முன்னாடி அது ஒத்துக்காதவங்களுக்கு அதுவும் வேணாம். வண்டி ஓட்ட 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் வரம்பு, ஈசிஆர்ல பார்ட்டி முடிச்சிட்டு நான் ஸ்டெடிதான்னு சாவிய எடுக்குறவங்களுக்கு முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபா ஃபைன், ரெண்டும் சேந்தும் வரலாம்.

இப்ப ஜக்கு. வீட்ல ஆள் வந்தா ஜக்கு நிறைய கலந்து ஃபிரிட்ஜ்ல வைக்கறீங்கல்ல, அதுல ஜின்ன ஊத்தாதீங்க. வெள்ளரிக்கா புதினா எலுமிச்சை சிரப் மட்டும் ஜக்குல இருக்கட்டும், அதையே அம்மாவும் மாமியும் குடிக்கலாம், சப்ஜா விதை போட்டு பசங்களுக்கும் குடுக்கலாம். ஜின் வேணும்ங்கறவங்க அவங்கவங்க கிளாஸ்ல அளந்து ஊத்திக்கட்டும், பாட்டில் பசங்களுக்கு எட்டாத ஷெல்ஃப்ல.