கடலடிச் சேறு ஆய்வகத்துக்கு வந்த பிறகு

துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், அனல்மின் நிலையம் என்று கரையோரத்தில் எந்தப் பெரிய திட்டம் வந்தாலும், அதன் சுற்றுச்சூழல் அறிக்கையில் கடலடி உயிரிகளுக்கென்று ஓர் அட்டவணை இருக்கும். சதுர மீட்டருக்கு இத்தனை புழு, இத்தனை மட்டி. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் 'இங்கே கெடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை' என்று எழுதிவிடலாம். அது கடலில் குறைந்ததா, ஆய்வகத்தில் குறைந்ததா என்று கேட்கத் தெரிந்தால் அறிக்கை எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதலில் ஒரு கணக்கு. சேறு அள்ளும் தாடைக் கருவியான வான் வீன் கிராப்பில் 0.1 சதுர மீட்டர் அளவும் உண்டு, 0.04 அளவும் உண்டு. சின்னதைப் பயன்படுத்தினால், எண்ணிய ஒவ்வொரு உயிரும் அட்டவணையில் 25 ஆகும். நூல் கனத்தில் இருக்கும் ஒரு புழுவைத் தவறவிட்டால் அந்த மாதிரியில் 25 குறைந்துவிடும். அதனால்தான் ஒரே இடத்தில் குறைந்தது மூன்று முறை அள்ளச் சொல்கிறோம். தாடையில் கிளிஞ்சல் சிக்கி, பாதிச் சேறு ஒழுகிப்போன கிராப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்தது, சேற்றைக் கழுவி உயிரிகளைப் பிரிக்கும் சல்லடையின் கண். நம் கரையோர ஆய்வுகளில் 0.5 மி.மீ. வழக்கம். 1 மி.மீ. சல்லடையில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் குஞ்சுகளும் பாலிகீட் எனும் மெல்லிய கடற்புழுக்களும் தண்ணீரோடு போய்விடும். திட்டத்துக்கு முன் ஒரு சல்லடை, பின் வேறொரு சல்லடை என்றால் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வீண். கழுவும் விதமும் முக்கியம். குழாயை நேராகப் பீய்ச்சினால் புழு துண்டு துண்டாகிவிடும். வாளியில் கடல்நீர் விட்டு மெதுவாகக் கலக்கி, மேலே எழும்புவதைச் சல்லடையில் வடிக்க வேண்டும். இப்படிப் பலமுறை செய்த பிறகும் அடியில் மட்டிகள் கிடக்கும். அவற்றைத் தனியாகப் பொறுக்க வேண்டும்.

உயிரிகள் அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் வரும் குழப்பம் பழையது. 10% ஃபார்மலின் என்றால் கடையில் வாங்கும் கரைசல் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. அதில் ஃபார்மால்டிஹைடு ஏறக்குறைய 4% இருக்கும். இந்த 4-ஐப் பிடித்துக்கொண்டு 4% ஃபார்மலின் கலந்தால், சேறு நிறைந்த ஜாடியில் மென்மையான உடல்கள் அழுகும். வெண்காரம் சேர்க்க மறந்தால் கரைசல் அமிலமாகி மெல்லிய ஓடுகளை அரித்துவிடும். அப்புறம், இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. ஆகவே சில நாள் கழித்து நன்றாகக் கழுவி, 70% எத்தனாலுக்கு மாற்றிய பிறகுதான் மைக்ரோஸ்கோப் பக்கம் கொண்டுபோக வேண்டும். கரிமப் பொருள் அளக்க வேண்டிய சேற்றை மட்டும் ஃபார்மலின் படாமல் முதலிலேயே எடுத்துப் பனிப்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பொறுக்குவது அரிசியில் கல் பார்ப்பது போன்ற வேலைதான். ரோஸ் பெங்கால் சாயம் போட்டால் சதை இளஞ்சிவப்பாகத் தெரியும், வெற்று ஓடு வெள்ளையாகவே இருக்கும். ஆனால் இறுக மூடிய மட்டிக்குள் சாயம் சரியாக இறங்காது. நிறத்தை மட்டும் நம்பினால் அதை வெற்று ஓடு என்று ஒதுக்கிவிடுவோம். உடைந்த புழுக்களில் தலையை மட்டுமே எண்ண வேண்டும். மற்றத் துண்டுகளையும் எண்ணினால் ஒரு புழு மூன்றாகிவிடும். பத்து மாதிரிக்கு ஒன்றையாவது வேறொருவர் மறுபடி பொறுக்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். அவசர அறிக்கைகளில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

பெயரிடுவதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பல அட்டவணைகளில் 'கேப்பிட்டெல்லா கேப்பிட்டேட்டா' தவறாமல் இருக்கும். கழிவு சேர்ந்த சேற்றில் பெருகும் புழு என்று பெயர் வாங்கியது. ஆனால் அந்தப் பெயர் கிரீன்லாந்துப் புழுவுக்கு 1780-இல் வைக்கப்பட்டது. ஒரே சிற்றினம் என்று நினைத்திருந்த அதில் குறைந்தது ஆறு சிற்றினங்கள் கலந்திருப்பதை 1976-இல் அமெரிக்கக் கடல் உயிரியலாளர்களான கிராஸில் தம்பதி காட்டினார்கள். வங்கக் கடலில் கிடைத்ததற்கும் கண்ணை மூடிக்கொண்டு அதே பெயரை எழுதுவதைவிட, கேப்பிட்டெல்லா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

அறிக்கை கைக்கு வந்தால் சல்லடை அளவு, கிராப்பின் பரப்பு, எத்தனை முறை அள்ளினார்கள், அடையாளம் கண்டவர் யார் என்று பாருங்கள். பெயரிட்ட உயிரிகளை எத்தனாலில் பத்திரப்படுத்தியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். குப்பிக்குள்ளேயே பென்சிலில் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். மூடிமேல் மார்க்கரில் எழுதியது எத்தனால் பட்டால் அழிந்துவிடும். சீட்டில்லாத குப்பியை எந்த நிபுணரிடம் கொடுத்தும் பயனில்லை.